அம்மா என்ற சொல்லை இயந்திரம் வாசித்த விதம்

2023ஆம் ஆண்டு தை மாதத்தில் எங்கள் பத்திரிகையின் இணையத்தளத்துக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் கிளிநொச்சி மாவட்டத்தில் கற்பிக்கும் ஓர் ஆசிரியர். 2009இல் இறுதி யுத்தத்தின்போது எறிகணைச் சிதறல் பட்டு இரு கண்களின் பார்வையையும் இழந்தவர். கடிதம் மிகச் சுருக்கமானது.

"ஐயா, உங்கள் பத்திரிகையின் பழைய கட்டுரைகளைக் கேட்க விரும்பிக் கணினியைத் திறந்தேன். அது ஒரு சொல்லை 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்று வாசித்தது. மனைவியிடம் கேட்டேன். அந்த இடத்தில் 'அம்மா' என்று இருப்பதாகச் சொன்னார். கட்டுரை முழுவதும் இப்படியே இருக்கிறது. ஏதாவது செய்வீர்களா?"

புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து இதை வாசிப்பவர்களுக்குப் பாமினியை அறிமுகம் செய்யவேண்டியதில்லை. ஆயினும் இளையவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பாமினி என்பது ஈழத்தவர்கள் ஏறத்தாழ இரண்டு தசாப்தங்கள் எழுதிக் குவித்த எழுத்துரு. அதில் எழுதியது கண்ணுக்குத்தான் தமிழ். கணினியின் நினைவகத்தில் அது ஆங்கில எழுத்துகளாகவே கிடந்தது. ஆங்கில 'எம்' என்ற எழுத்துக்கு 'அ'வின் உருவத்தையும், 'கே' என்ற எழுத்துக்கு 'ம'வின் உருவத்தையும், அரைப்புள்ளிக்கு மெய்யெழுத்தின் குற்றையும் மாட்டிவிட்டிருந்தார்கள். பார்வையுள்ளவர் உருவத்தைப் பார்த்து 'அம்மா' என்று வாசித்தார். திரையைக் குரலாக மாற்றித்தரும் மென்பொருளுக்கு உருவம் தெரியாது. உள்ளே கிடந்த ஆங்கில எழுத்துகளை அது நேர்மையாக உச்சரித்தது.

ஒருங்குறியில் தமிழ் அதன் முதற் பதிப்பான 1991ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றுவிட்டது. நாங்கள் அதற்குப் பின்னரும் பல ஆண்டுகள் பாமினியில் எழுதினோம். பழகிய விசைப்பலகையை விட மனம் வரவில்லை. பக்க வடிவமைப்பு மென்பொருள்களும் ஒருங்குறித் தமிழை நெடுங்காலம் உடைத்துக் காட்டின. காரணங்கள் நியாயமானவைதாம். ஆனால் அந்தக் காரணங்களை நாங்கள் எங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொண்டபோது, கேட்டு வாசிக்கும் ஒருவர் அந்த அறையில் இருக்கவில்லை.

மின்னஞ்சலுக்குப் பதில் எழுதினேன். "ஆவன செய்வோம்" என்றேன். பத்திரிகைக்காரன் எழுதக்கூடிய மிக மலிவான வாக்கியம் அது.

* * *

மூன்று மாதங்களின் பின்னர் முகாமைத்துவம் என்னை அழைத்தது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் தாள் விலை ஏறி, பக்கங்களைக் குறைத்து, கையைக் கடித்துக்கொண்டிருந்த காலம். சட்ஜிபிடி அறிமுகமாகி ஐந்து மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதைப்பற்றிப் பணிப்பாளர் ஒருவர் வெளிநாட்டு மாநாடொன்றில் கேள்விப்பட்டு வந்திருந்தார். இணையப் பிரிவையும் வடிவமைப்புப் பிரிவையும் ஒன்றாக்கி, செயற்கை நுண்ணறிவைப் புகுத்தி, 'நவீனமயப்படுத்தும்' பொறுப்பு என் தலையில் விழுந்தது. கலைமாணிப் பட்டத்துக்குத் தமிழும் வரலாறும் படித்தவன் நான். ஆசிரியபீடத்தில் மூத்தவன் என்பதைத் தவிர வேறு தகுதி எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

பிரிவில் ஏழு பேர். நிரல் எழுதும் இளைஞர்கள் இருவர், வடிவமைப்பாளர் ஒருவர், காணொளித் தொகுப்பாளர் ஒருவர், பதிவேற்றும் பெண்பிள்ளைகள் இருவர், எல்லோருக்கும் மூத்தவராக ஓர் ஒப்புநோக்குநர். அவரை மற்றவர்கள் 'அக்கா' என்பார்கள். என்னைவிட இரண்டு வயது கூடியவராகையால் என்னைத் 'தம்பி' என்பார். எந்தெந்த வேலையை இயந்திரத்திடம் கொடுக்கலாம் என்று முகாமைத்துவம் தந்த பட்டியலில் முதலாவது வரி 'ஒப்புநோக்கல்'.

நான் செய்த முதற் காரியம் பெரும் பிழையானது. எவருக்கும் சொல்லாமல் இரண்டு சேவைகளுக்குச் சந்தா கட்டினேன். ஒரு திங்கட்கிழமை கூட்டம் கூட்டி, "இன்று முதல் இப்படித்தான்" என்றேன். எவரும் கேள்வி கேட்கவில்லை. எதிர்ப்பில்லை என்று மகிழ்ந்தேன். பின்னேரம் அக்கா என் மேசைக்கு வந்தார். "தம்பி, நான் எத்தனையாந் திகதி மட்டும் வரவேணும் எண்டதை மட்டும் சொல்லிப்போடுங்கோ. பிள்ளையின்ரை கல்யாணத்துக்கு ஒரு சீட்டுக் கட்டுறன். அதுக்குத்தான்" என்றார்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. வேறொரு திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது.

* * *

நான் பத்திரிகைத் துறைக்கு வந்தது 1992இல், யாழ்ப்பாணத்தில். பொருளாதாரத் தடை நிலவிய காலம். மின்சாரம் இல்லை. பள்ளிக்கூடக் கொப்பித் தாளிலும் பத்திரிகை அச்சானது. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கிக் கோத்தார்கள். 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வின் பின்னர் அலைந்து திரிந்து, மறு ஆண்டு கொழும்புக்கு வந்து ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன். அங்கு செய்திகள் கணினிக்குப் போய்விட்டிருந்தன. விளம்பரங்களையும் மரண அறிவித்தல்களையும் மட்டும் இன்னமும் கையால் கோத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பகுதியில் வயதான அச்சுக்கோப்பாளர் ஒருவர் இருந்தார். மரத்தட்டின் எந்த அறையில் எந்த எழுத்து என்று அவரது விரல்களுக்குத் தெரியும். கண் பிரதியில் இருக்கும். கை தானாகப் போய் எழுத்தை எடுக்கும். கோத்த வரியைத் தலைகீழாகவும் இடம் வலம் மாறியும் வாசிப்பார். நாங்கள் பட்டதாரிகள் எழுதிக்கொடுத்ததில் றகரமும் ரகரமும் மாறியிருந்தால் பிரதியைத் தூக்கிக்கொண்டு மேல்மாடிக்கு வருவார். "ஐயா, இது கரையோரத்துக் கரையா, துணியிலை பட்ட கறையா?" என்று மெதுவாகக் கேட்பார். மரண அறிவித்தல்களில் மருமக்களின் பெயர் விடுபட்டிருந்தால்கூட, குடும்பத்தவரிடம் கேட்கச் சொல்லி அனுப்புவார்.

ஒரு திங்கட்கிழமை காலை அந்தப் பகுதியின் கதவில் பூட்டுத் தொங்கியது. அவர்கள் வந்து நின்றார்கள். கணக்காளர் ஒருவர் கடித உறைகளைக் கொடுத்தார். நாங்கள் மேல்மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த மனிதர் உறையைப் பிரிக்காமலே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வாயிலில் நின்ற காவலாளிக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

பின்பு நடந்ததை அந்த நிறுவனம் ஒருபோதும் கணக்கில் எழுதியிராது. ஓராண்டு காலம் எங்கள் பக்கங்களில் பிழைகள் மலிந்தன. பெயர்கள் மாறின. ஒருமுறை உயிரோடு இருந்தவரின் பெயர் காலஞ்சென்றோர் வரிசையில் வந்தது. கணினி கெட்டது என்று எல்லோரும் ஏசினார்கள். கணினி நல்ல கணினிதான். ஈயத்தைக் கழித்தபோது, ஈயத்தோடு சேர்த்து மொழி தெரிந்த எட்டுப் பேரையும் நாங்கள் கழித்துவிட்டிருந்தோம்.

* * *

மறுநாள் மீண்டும் கூட்டத்தைக் கூட்டினேன். முதல்நாள் செய்தது பிழை என்று சொன்னேன். தலைமைப் பதவியில் இருப்பவர்கள் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல ஏன் இவ்வளவு அஞ்சுகிறோம் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. சொன்ன மறுகணமே எல்லோரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். நிரல் எழுதுபவர்களுக்கு இயந்திரம் எழுதும் நிரலைப் பார்த்துப் பயம். வடிவமைப்பாளருக்குப் படம் வரையும் இயந்திரத்தைப் பார்த்துக் கோபம். பதிவேற்றும் பிள்ளைகள் இருவருக்கும் வேலை போகப்போகிறது என்ற நிச்சயம். வாய் திறந்த பிறகுதான் எங்கே கை வைக்கவேண்டும் என்று எனக்குத் தெரிந்தது.

முகாமைத்துவத்திடம் ஒரு நிபந்தனை வைத்தேன்: முதல் ஓராண்டுக்கு இந்தப் பிரிவில் எவரையும் நிறுத்துவதில்லை. ஆட்களைக் குறைத்துக் காசு மிச்சம் பிடிப்பதற்கு இது வழியல்ல என்று வாதாடினேன். அரை மனத்தோடு ஒத்துக்கொண்டார்கள்.

அப்படியானால் இயந்திரத்தை எதற்குப் பயன்படுத்துவது? அப்போதுதான் கிளிநொச்சி ஆசிரியரின் மின்னஞ்சலை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். நிரல் எழுதும் தம்பி ஒருவன் உடனேயே என்விடிஏ என்ற மென்பொருளைத் தரவிறக்கினான். 2006ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற இளைஞர் தொடங்கி, ஜேம்ஸ் டே என்ற நண்பரும் இணைந்து வளர்த்த திரைவாசிப்பான் அது. இருவருமே பார்வையற்றவர்கள். விலைகொடுத்து வாங்கவேண்டிய மென்பொருள்கள் எட்டாத விலையில் இருந்ததால், தங்களுக்காகவும் தங்களைப் போன்றவர்களுக்காகவும் இலவசமாகச் செய்தார்கள். அதற்குத் தமிழும் வாசிக்கத் தெரியும். கணினித் திரையை அணைத்துவிட்டு எங்கள் சொந்த இணையத்தளத்தைக் கேட்டோம்.

வெட்கக்கேடு. முகப்புப் பக்கத்தில் செய்திக்குப் போவதற்கு முன்னர் பல டசின் தொடுப்புகளை அது வாசித்தது. படங்கள் வந்த இடமெல்லாம் கமெரா இட்ட இலக்கங்களைச் சொன்னது. பழைய கட்டுரைகளில் பாமினிப் புலம்பல். மரண அறிவித்தல்கள் அத்தனையும் படங்கள். ஒரு சொல்கூட வாசிக்கவில்லை. ஊரில் யார் செத்தார் என்று அறிய, பார்வையற்ற ஒருவர் அயல்வீட்டாரைத்தான் கூப்பிடவேண்டும்.

அந்த ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்து, வாரத்தில் நான்கு மணித்தியாலம் எங்களோடு வேலை செய்வீர்களா என்று கேட்டேன். "ஐயா, நான் இலவசமாகவே செய்வன்" என்றார். வேண்டாம் என்றேன். சம்பளம் வாங்காதவரின் குறையை நாங்கள் 'ஆலோசனை' என்று ஒதுக்கிவிடுவோம், சம்பளம் வாங்குபவரின் குறையைத் திருத்தியாகவேண்டும் என்று விளக்கினேன். கணக்குப் பிரிவில் இதற்கு எந்தத் தலைப்பும் இல்லை. கடைசியில் 'வெளி ஒப்புநோக்கல்' என்று பதிந்தார்கள். யோசித்துப் பார்த்தால் அதைவிடச் சரியான தலைப்பு இருக்கமுடியாது.

* * *

முதலில் மோதியவர் வடிவமைப்பாளர். வெள்ளைப் பின்னணியில் மெல்லிய சாம்பல் எழுத்து வைத்திருந்தார். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு ஆகக் குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கவேண்டும் என்று இணைய அணுகல் நெறிகள் சொல்கின்றன. எங்களுடையது அதன் பாதியைக்கூட எட்டவில்லை. "சேர், கறுப்பாக்கினால் வடிவு கெட்டுப்போகும்" என்றார். நான் வாதாடவில்லை. அடுத்த பணிப்பாளர் சபைக் கூட்டத்தில் பக்கத்தைத் திரையில் போட்டுக்காட்டினோம். அறுபதைக் கடந்த பணிப்பாளர்கள் நால்வரும் மூக்குக் கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் பார்த்தார்கள். ஒருவர், "தம்பி, எழுத்து இன்னும் வரேல்லையோ?" என்று கேட்டார். வடிவமைப்பாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்றே மாற்றிவிட்டார். பார்வையற்றவருக்காகவும் பார்வை மங்கியவருக்காகவும் செய்த திருத்தம், வெயிலில் பேருந்துக்காக நின்று கைத்தொலைபேசியில் வாசிப்பவருக்கும் உதவியது.

அடுத்தது பழைய கட்டுரைகள். பாமினியை ஒருங்குறிக்கு மாற்றும் வேலையில் ஈழத்தவர்களுக்கு அனுபவம் உண்டு. சுரதாவின் எழுத்துரு மாற்றியை அறியாத பழைய வலைப்பதிவர் இருக்கமாட்டார். ஆனால் எங்கள் கோப்புகள் நோய்வாய்ப்பட்டவை. இடையில் வந்த ஆங்கிலப் பெயர்களும் மாற்றத்தில் அகப்பட்டு விசித்திரத் தமிழாயின. பத்தி அகலத்துக்காக உடைத்த சொற்கள் உடைந்தபடியே கிடந்தன. இங்கேதான் செயற்கை நுண்ணறிவு உண்மையாகக் கைகொடுத்தது. மாற்றிய கட்டுரையை அதனிடம் கொடுத்து, "திருத்தாதே, ஐயமான இடங்களை மட்டும் அடையாளமிடு" என்று கேட்டோம். அது அடையாளமிட்டதை அக்காவும் பதிவேற்றும் பிள்ளைகள் இருவரும் பார்த்தார்கள். எட்டு மணித்தியால வேலை மூன்றாகக் குறைந்தது. நீக்கப்படவிருந்த ஒப்புநோக்குநர் இயந்திரத்தின் மேற்பார்வையாளரானார். அந்த 'திருத்தாதே' என்ற சொல் அவர் சொல்லிச் சேர்த்தது. அதைச் சேர்க்காத முதல் நாள், இயந்திரம் எங்கள் 'பெற்றோல்' எல்லாவற்றையும் 'பெட்ரோல்' ஆக்கி, 'கதைத்தார்' என்று வந்த இடங்களை 'கதை சொன்னார்' என்று மெருகேற்றி வைத்திருந்தது.

அது சிரித்துவிட்டுக் கடந்துபோகக்கூடிய பிழை. அடுத்து நடந்தது அப்படியானதல்ல.

* * *

காணாமலாக்கப்பட்ட மகனைத் தேடும் தாய் ஒருவரின் ஒலிப்பதிவை முல்லைத்தீவிலிருந்து எங்கள் பிராந்திய நிருபர் அனுப்பியிருந்தார். நாற்பது நிமிடப் பதிவு. கேட்டு எழுத அரைநாள் வேண்டும். இயந்திரத்திடம் கொடுத்தோம். சில நிமிடங்களில் எழுத்தாக்கி, சுருக்கமும் தந்தது. சுருக்கம் நல்ல தமிழில், ஒற்றுப்பிழைகூட இல்லாமல் இருந்தது. பதிவேற்றும் பிள்ளை பக்கத்தில் ஏற்றுவதற்கு ஆயத்தமாகிவிட்டாள். வழக்கம்போல அக்காவின் மேசைக்குப் போனது. அக்கா ஒரு வரியில் நின்றுவிட்டார். 'அவர் இசைக் கச்சேரியொன்றுக்குச் சென்றார். அங்கு கூடியிருந்தோர் பேசிவிட்டுக் கலைந்து சென்றனர்.'

"மகனைத் தேடுற மனிசி ஏன் பாட்டுக் கச்சேரிக்குப் போகப்போகுது?" என்றார். ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டோம். அந்தத் தாயின் குரல் சொன்னது: "கச்சேரிக்கும் போனனான். அங்கை என்னைப் பேசிக் கலைச்சுப்போட்டினம்."

இலங்கைத் தமிழருக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கச்சேரி என்றால் எங்களுக்கு மாவட்டச் செயலகம். பேசுதல் என்றால் ஏசுதல். கலைத்தல் என்றால் விரட்டுதல். அரச அலுவலகத்துக்கு மகனைத் தேடிப்போன தாயை ஏசி விரட்டியிருக்கிறார்கள். இயந்திரம் அவரைச் சங்கீதம் கேட்க அனுப்பிவிட்டது. வேண்டுமென்று செய்த தணிக்கைகூட இவ்வளவு திறமாக அமைந்திராது.

பிரிவில் எவரும் சிறிது நேரம் கதைக்கவில்லை. பதிவேற்றும் பிள்ளையின் கண் கலங்கிவிட்டது. அவள் மலையகத்தவள். கச்சேரி என்ற சொல் அவளுக்கும் தெரியும். "தமிழ் அவ்வளவு நல்லாயிருந்தது சேர், அதுதான் நான் சந்தேகப்படவேயில்லை" என்றாள். நாங்கள் எல்லோரும் மனத்தில் எழுதிக்கொள்ளவேண்டிய வாசகம் அது. பிழையான தமிழில் பிழை இருந்தால் கண் நிற்கும். அழகான தமிழில் பொய் இருந்தால் கண் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

ஏன் இப்படி நடந்தது என்று நிரல் எழுதும் தம்பியைக் கேட்டேன். இவ்வகை இயந்திரங்கள் இணையத்தில் கிடைக்கும் எழுத்தைப் படித்துத்தான் மொழியைக் கற்கின்றன என்றான். இணையத்தில் இருக்கும் தமிழில் பெரும்பகுதி தமிழ்நாட்டினுடையது. சரி, நாங்களும்தானே இருபது ஆண்டுகள் இணையத்தில் எழுதினோம், அது எங்கே என்று கேட்டேன். அவன் சிரித்தான். "சேர், அது பாமினியிலை இருக்கு. மிச்சம் படமா இருக்கு. கிளிநொச்சி ஐயாவின்ரை கணினிக்கு எப்பிடிக் கேட்டுதோ, இதுக்கும் அப்பிடித்தான் தெரியும்."

அந்த ஒரு பதிலுக்காகத்தான் இக்கட்டுரையையே எழுதுகிறேன். பார்வையற்ற வாசகருக்கு எதை மூடிவைத்தோமோ, அதையே இயந்திரத்துக்கும் மூடிவைத்திருக்கிறோம். எங்கள் கச்சேரியும் எங்கள் பேச்சும் எங்கள் கலைப்பும் எம், கே, அரைப்புள்ளிகளாக உறங்கின. அவரைப்பற்றி அன்றே யோசித்திருந்தால், முல்லைத்தீவுத் தாயின் மொழியும் இன்று இயந்திரத்துக்கு ஓரளவாவது தெரிந்திருக்கும். ஒருவரை விட்டுவிடுவதன் விலையை அந்த ஒருவர் மட்டும் கொடுப்பதில்லை.

* * *

இது எங்களுடைய சிக்கல் மட்டுமல்ல என்பதைப் பின்னர் வாசித்தறிந்தேன். ரொறொன்ரோவில் அனைவரையும் உள்ளடக்கும் வடிவமைப்புக்கான ஆய்வு நிலையத்தை உருவாக்கியவர் ஜுட்டா ட்ரெவிரானஸ். அவர் பல இடங்களில் சொல்லிவரும் அனுபவம் ஒன்று உண்டு. சக்கர நாற்காலியைக் காலால் உந்திப் பின்னோக்கி நகரும் தோழி ஒருவர் அவருக்கு இருந்தார். சாரதியில்லா வாகனங்களை இயக்கவென ஆக்கப்பட்ட கணினி மாதிரிகள், தெருச் சந்தியைக் கடக்கும் இத்தகைய ஒருவரை எப்படிக் கணிக்கும் என்று பரிசோதித்தார். ஆள் பின்வாங்குகிறார் என்று கருதி எல்லாமே வாகனத்தை முன்னே செலுத்தின. சக்கர நாற்காலிகள் பற்றிய தரவுகளை மேலும் ஊட்டியபின் அவை முன்னிலும் கூடிய நம்பிக்கையோடு அவரை மோதின. பெரும்பான்மையான சக்கர நாற்காலிகள் முன்னோக்கித்தானே போகின்றன!

2018ஆம் ஆண்டு ஜோய் புவலம்வினியும் ரிம்னிற் கெப்ருவும் வெளியிட்ட ஆய்வும் இதே கதைதான். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்கள், வெளிர்நிற ஆண்களில் பிழைவிட்டது அதிகபட்சம் 0.8 வீதம். கருநிறப் பெண்களில் அது 34.7 வீதம் வரை போனது. சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு அது நல்ல மென்பொருள்.

இலங்கையில் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதமானோர் ஏதோவொரு வகையில் வலுவிழந்தவர்கள். இவர்களின் உரிமைகளைப் பாதுகாக்க 1996இலேயே 28ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை 2016இல் ஏற்றோம். சட்டங்களுக்குக் குறைவில்லை.

* * *

இனி எங்களைத் தடுத்து நிறுத்திய இறுதிப் பாடம். மலைநாட்டில் மழை தொடங்கினால், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளை மூன்று மட்டங்களில் வெளியிடும். மஞ்சள் என்றால் விழிப்பாயிரு. செம்மஞ்சள் என்றால் ஆயத்தமாயிரு. சிவப்பு என்றால் வெளியேறு. ஊடகங்களும் சமூக வலைத்தளங்களும் இதை நிற வரைபடமாகவே பகிர்கின்றன. நிறம் தெரியாதவருக்கு அது வெறும் மௌனம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் வீடுகள் மண்ணுள் போனதை நான் செய்தியாக்கியிருக்கிறேன். அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே சொல்லப்பட்டிருந்தது. சொல்லப்படுவதும் சென்றடைவதும் வெவ்வேறு.

ஆகவே வரைபடங்களைச் சொற்களாக்கும் வேலையை ஆவலோடு தொடங்கினோம். பழைய வரைபடம் ஒன்றை இயந்திரத்திடம் கொடுத்தோம். அழகாக விவரித்தது. பதிவு கிளிநொச்சிக்குப் போனது. கால் மணித்தியாலத்தில் தொலைபேசி. "ஐயா, பதுளை எங்கை?"

அவரது மனைவியின் குடும்பம் 1977 வன்செயலின் பின்னர் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியது. உறவினர்கள் இன்னமும் பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கிறார்கள். அவர் அந்தப் பெயருக்காகவே காத்திருந்து கேட்டிருக்கிறார். வரைபடத்தைப் பார்த்தோம். பதுளை மாவட்டத்தில் சிவப்பு இருந்தது. இயந்திரம் அயல் மாவட்டங்களைச் சொல்லி, பதுளையை விட்டுவிட்டிருந்தது. விட்டுவிட்டேன் என்றும் சொல்லவில்லை.

எங்கள் ஏழு பேருக்கும் கண் இருந்தது. எவரும் காணவில்லை. விவரிப்பை வாசித்துப் 'பிரமாதம்' என்று மகிழ்ந்திருந்தோம். எங்களில் எவருக்கும் அதை நம்பி ஓடவேண்டிய தேவை இருக்கவில்லை. தேவையிருந்தவர் ஒரே கேட்டலில் பிடித்துவிட்டார்.

அன்று முடிவெடுத்தோம். உயிரோடு தொடர்புடைய எச்சரிக்கைகளை இயந்திரம் விவரிப்பதில்லை. மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, மட்டம் என்று மனிதர் தட்டெழுதுவார். இன்னொருவர் ஒப்புநோக்குவார். அதற்குப் பன்னிரண்டு நிமிடம் போதும் என்று கணக்கிட்டோம். பணிப்பாளருக்கு இது 'பின்னோக்கிய நகர்வு' என்று பட்டது. ட்ரெவிரானஸின் தோழியை நினைத்துக்கொண்டேன். பின்னோக்கி உந்தித்தான் அவர் முன்னே போனார்.

* * *

இரண்டரை ஆண்டுகள் கடந்துவிட்டன. பெரிய வெற்றிக் கதையெதுவும் சொல்வதற்கில்லை. பழைய கட்டுரைகளில் ஏறத்தாழப் பாதிதான் ஒருங்குறிக்கு வந்திருக்கிறது. காணொளித் தொகுப்பாளர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். செவிப்புலன் இழந்த இளம்பெண் ஒருவரைக் காணொளிகளைச் சோதிக்கச் சேர்த்தோம். காணொளியின் கீழே ஓடும் வரிகளைத் திருத்தாமல் எதையும் வெளியிட அவர் விடுவதில்லை. ஓராண்டு முடிந்தபோது எவரும் நிறுத்தப்படவில்லை. அடுத்த ஆண்டைப்பற்றி ஒவ்வோர் ஆண்டும் பேரம்பேசவேண்டியிருக்கிறது.

என்னைப்போல், தெரியாத தொழில்நுட்பத்துக்குத் தலைமைதாங்கத் தள்ளப்பட்டிருக்கும் நண்பர்கள் வெவ்வேறு நாடுகளிலிருந்து எழுதிக் கேட்கிறார்கள். எந்த மென்பொருள் நல்லது என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். மென்பொருளின் பெயர் அடுத்த ஆண்டு மாறிவிடும். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது இதுதான்: அது பிழைவிட்டால் முதலில் பாதிக்கப்படுபவர் யார்? அவர் உங்கள் மேசையில் சம்பளத்தோடு இருக்கிறாரா? இத்தனை காலமும் உங்கள் பிழைகளைச் சத்தமின்றித் திருத்திவந்தவரை வாயிலுக்கு அனுப்பிவிட்டீர்களா, பக்கத்தில் வைத்திருக்கிறீர்களா?

அக்கா இவ்வாண்டு ஓய்வுபெறுகிறார். மகளின் திருமணம் நல்லபடி நடந்தது. தன் மேசையில் இருந்த கொப்பியொன்றை அந்த மலையகப் பிள்ளையிடம் ஒப்படைத்திருக்கிறார். இயந்திரம் பிழையாக விளங்கிக்கொண்ட எங்கள் சொற்களை அதில் கையால் எழுதிவைத்திருக்கிறார். நானூறுக்கு மேல் இருக்கும். முதற் சொல் கச்சேரி.

சென்ற மாதம் கிளிநொச்சி ஆசிரியர் அழைத்தார். 1998இல் நான் எழுதிய கட்டுரையொன்று ஒருங்குறிக்கு மாறி ஏறியிருந்ததாம். இடப்பெயர்வின்போது வழியில் தவறவிட்ட என் தாயைப்பற்றிய கட்டுரை. முழுவதையும் கேட்டதாகச் சொன்னார். "நல்லா இருக்குது ஐயா" என்றார். பின்பு சற்றுத் தயங்கி, "மூண்டாவது பந்தியிலை ஒரு எழுத்துப் பிழை இருக்குது" என்றார்.

பார்த்தேன். றகரம் வரவேண்டிய இடத்தில் ரகரம் இருந்தது. இருபத்தேழு ஆண்டுகளாக எவரும் காணாத பிழை. அன்றே திருத்திவிட்டேன்.